பாகம் பாகமாகத் திரும்பிய ஓட்டம்

முதலில் தெரிந்தது வேகம் குறைந்ததுதான். கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையை ஒரு முறை சுற்றினால் சுமார் இரண்டரை கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் என்று பல வருடங்களாக ஓடிய அதே பாதையில் ஏழு நிமிடம் ஆனது, பிறகு ஏழரை. வலி இல்லை, எடை குறையவில்லை, வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லை. தாமஸ் பூங்காவைத் தாண்டும்போது மட்டும் மூச்சு வாங்கும். அங்கே மேடு எதுவும் கிடையாது.

எனக்கு வயது 53. அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. "வயசாகுதுங்க டீச்சர்" என்றார்கள் கூட ஓடுகிறவர்கள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.1 என்று வந்ததும் முருங்கைக்கீரை, பேரீச்சை, எள்ளுருண்டை என்று வீட்டில் ஒரு பட்டியல் தயாரானது. எங்கள் குடும்ப மருத்துவர் அந்தப் பட்டியலைக் கேட்டுச் சிரித்தார்.

"சாப்பிடுங்க, நல்லதுதான். ஆனா மாதவிடாய் நின்னு மூணு வருசமாச்சு, அப்புறம் இரும்புச்சத்து எங்க போகுது டீச்சர்? எங்கியோ கசியுதுன்னு அர்த்தம். மேலயும் கீழயும் கேமரா விட்டுப் பாத்துரலாம்."

நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு ரத்தசோகை வந்தால் பழியை ஓட்டத்தின் மேல் போட்டுவிடுவது சுலபம். பாதம் திரும்பத் திரும்பத் தரையில் மோதுவதில் சிவப்பணுக்கள் கொஞ்சம் உடைவதும், நீண்ட ஓட்டத்தின்போது குடலுக்குப் போகும் ரத்தம் குறைந்து மிக லேசாகக் கசிவதும் உண்மைதான். அதனாலேயே உண்மையான காரணம் மறைந்து நிற்கவும் முடியும். கேமரா காட்டிய என் புற்றுநோய்க் கட்டி இருந்தது பெருங்குடலின் வலப்பக்கத்தில். அங்கே குடல் அகலம். உள்ளே போவதும் கூழாக இருக்கும். கட்டி பெரிதாக வளரும்வரை அடைப்போ வலியோ வராது. கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தம் போய்க்கொண்டிருக்கும். சோர்வும் மூச்சு வாங்கலும்தான் முதல் அறிகுறி. ஓடாதவராக இருந்திருந்தால், மாடிப்படி ஏறும்போது கொஞ்சம் இளைக்கிறது என்று இன்னும் பல மாதம் ஓட்டியிருப்பேன்.

லேப்ராஸ்கோப்பி முறையில் வலப்பக்கப் பெருங்குடலையும் அதோடு ஒட்டிய சிறுகுடலின் கடைசித் துண்டையும் எடுத்தார்கள். நிணநீர்க் கணுக்கள் சிலவற்றில் நோய் இருந்ததால் மூன்றாம் நிலை, கீமோதெரபி கட்டாயம்.

அறுவை முடிந்த மறுநாள் காலையிலேயே பிசியோதெரபி பெண் வந்து, "எந்திரிங்கம்மா, நிப்போம்" என்றார். மூக்கில் குழாய் இல்லை. கையில் ட்ரிப் மட்டும். என் மாமியார் பதறிவிட்டார். அவர் காலத்தில் வயிற்றைத் திறந்தால் பத்து நாள் படுக்கைதான். 1990களில் டென்மார்க் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கேலெட் அந்தப் பழக்கத்தைக் கேள்வி கேட்டார். சீக்கிரம் சாப்பிட வைத்து, சீக்கிரம் நடக்க வைத்தால் குடல் சீக்கிரம் இயங்குகிறது, நுரையீரலில் சளி கட்டுவதும் காலில் ரத்தம் உறைவதும் குறைகின்றன என்று அவர் காட்டிய வழி இன்று பெருங்குடல் அறுவையில் உலகமெங்கும் பரவியிருக்கிறது. வார்டு வராந்தாவில் ட்ரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு நடந்ததும், மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்டிக் கருவியை வாயில் வைத்து மூச்சை இழுத்துப் பந்துகளைத் தூக்கியதும்தான் அறுவைக்குப் பிறகு நான் செய்த முதல் பயிற்சிகள். மூன்றாவது பந்து லேசில் எழவில்லை.

படுக்கை எவ்வளவு பொல்லாதது என்பதற்கு ஒரு பழைய ஆய்வு உண்டு. 1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஆரோக்கியமான 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் கட்டிலிலேயே கிடக்கவைத்தார்கள். கடும் உழைப்பின்போது உடல் எடுத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு கால் பங்குக்கு மேல் சரிந்தது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரை மறுபடி அழைத்துச் சோதித்தபோது, இடைப்பட்ட முப்பது வருட முதுமைகூட அந்த மூன்று வாரம் செய்த அளவுக்கு அவர்கள் திறனைக் குறைத்திருக்கவில்லை. அதே ஆய்வில் ஆறுதலும் இருக்கிறது. படுக்கையை விட்டு எழுந்து சுமார் இரண்டு மாதம் பயிற்சி செய்ததில் ஐந்து பேருமே இழந்ததை மீட்டார்கள்.

நோய்க்குப் பிறகு ஓடத் திரும்புவதைப் பற்றிப் பேசும் எல்லோரும் ஏதோ ஒரு நாள் குறித்துத் திரும்புவது மாதிரி பேசுகிறார்கள். "எப்போ டீச்சர் மறுபடி கிரவுண்டுக்கு?" உடம்பு அப்படித் திரும்பாது. கல்யாண வீட்டுக்கு உறவுக்காரர்கள் வருகிற மாதிரிதான் வரும்; சிலர் முந்தின நாளே வந்து காய் நறுக்குவார்கள், சிலர் முகூர்த்தத்துக்கு வருவார்கள், சிலர் பந்தி முடிகிற நேரத்தில் வந்து நிற்பார்கள். இதயமும் நுரையீரலும் சீக்கிரம் வந்துவிடும் கூட்டம். வயிற்றுச் சுவர் நிதானமாக வரும். ரத்தம் மருந்துக்கு ஏற்றாற்போல் வந்து வந்து போகும். நரம்பு எப்போது வரும் என்று அதற்கே தெரியாது. மூச்சு சரியாகிவிட்டதே என்று ஓடினால் மற்றவர்கள் இன்னும் வந்து சேரவில்லை என்பதை அப்போதுதான் காண்போம்.

வயிற்றுச் சுவரைப் பற்றி எனக்கு அதிகம் சொல்லித் தந்தது கிரைண்டர்தான். கோவைக்காரி வீட்டில் கிரைண்டர் இல்லாமல் இருக்குமா? ஆறு வாரத்துக்குக் கிரைண்டர் கல்லைத் தூக்கக் கூடாது, தண்ணீர்க் குடத்தைத் தொடக் கூடாது, கேஸ் சிலிண்டரை நகர்த்தக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. படுக்கையிலிருந்து நேராக எழாமல் பக்கவாட்டில் உருண்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொள்ள வேண்டும். வெட்டித் தைத்த திசு முதல் வாரங்களில் தையலின் தயவில்தான் நிற்கிறது. மெல்ல மெல்ல உறுதியான கொலாஜன் இழைகள் ஓடிப் பின்னினாலும், சுமார் மூன்று மாதத்தில் பழைய பலத்தில் ஏறக்குறைய 80 சதவீதம்தான் வரும். அதற்கு மேல் ஏறுவதில்லை. அவசரப்பட்டால் தழும்பின் வழியே குடல் பிதுங்கி ஹெர்னியா ஆகலாம். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் வயிற்றுத் தசை இறுகித் தளர்கிறது என்பதை ஓடாதவர்கள் அறிய மாட்டார்கள். காலால் ஓடுகிறோம் என்று நினைப்பார்கள்.

ரத்தக் கணக்கு எனக்குப் பிடித்த பாடம். ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். நூறு மில்லிலிட்டர் ரத்தத்தில் 13 கிராம் இருந்தால் 17 மில்லிலிட்டருக்கு மேல். என்னைப் போல 8.1 இருந்தால் 11க்கும் கீழே. மன உறுதி எவ்வளவு இருந்தாலும் இந்தப் பெருக்கல் மாறாது. நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றினார்கள், ஏறியது. கீமோ தொடங்கியதும் மறுபடி இறங்கியது. மருந்து எலும்பு மஜ்ஜையையும் தட்டிவைக்கும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால், இறங்கியது நிரம்ப மாதக்கணக்கில் ஆகும். வெள்ளணு குறையும் நாட்களில் கூட்டத்துக்குள் போகக் கூடாது. உடல் வெப்பம் 100.4 டிகிரி தொட்டால் எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். அந்த நாட்களில் என் ஓடுதளம் வீட்டு மொட்டைமாடி. நடைதான்.

"ஏங்கண்ணு, செத்துப் பொழைச்சு வந்திருக்கற. இன்னும் எதுக்குச் சாமி இந்த நடையெல்லாம்? செத்த உக்காரு" என்பார் மாமியார், துணி காயப்போட வந்தவர்.

"உக்காந்தாத்தான் அத்தை கால் மறந்துருது."

இரண்டு மருந்துகள். ஒன்று மூன்று வாரத்துக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றுவது, ஆக்சாலிபிளாட்டின். இன்னொன்று வீட்டில் சாப்பிடும் மாத்திரை, கேப்சைடபின். ஓடுகிறவருக்கு இரண்டுமே காலில்தான் கை வைக்கும், வெவ்வேறு விதமாக. மாத்திரை உள்ளங்கையையும் உள்ளங்காலையும் சிவக்க வைத்து, எரிய வைத்து, தோலை உரிக்கும். யூரியா கலந்த களிம்பு, பருத்திக் காலுறை, கொதிக்கும் தண்ணீர் தொடாமல் இருப்பது, காலில் உராய்வு குறைப்பது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சாக்பீஸ் பிடித்தாலே எரிந்தது. அதோடு கைரேகையும் மங்கிவிடும். ரேஷன் கடையில் மிஷினில் விரலை வைத்தால் நான் யாரென்று அதற்குத் தெரியவில்லை. விற்பனையாளர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த விரல், அடுத்த விரல் என்று பத்தையும் வைக்கச் சொன்னார். இந்த மாத்திரை அபூர்வமாகச் சிலருக்கு இதய ரத்தக்குழாயைச் சுருங்க வைத்து நெஞ்சுவலி தரும். ஆகவே மாத்திரை சாப்பிடும் வாரங்களில் ஓட வேண்டாம், நடங்கள், நெஞ்சில் இறுக்கம் வந்தால் அந்த இடத்திலேயே நின்று உடனே கூப்பிடுங்கள் என்றார் புற்றுநோய் மருத்துவர்.

ஆக்சாலிபிளாட்டினில் இருப்பது பிளாட்டினம். தனிம வரிசை அட்டவணையில் அணு எண் 78. வருடா வருடம் பிள்ளைகளுக்கு நடத்தும் உலோகம் என் நரம்பில் குடியேறும் என்று நினைத்ததில்லை. மருந்து ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ச்சி எதையும் தொட முடியாது. ஃப்ரிட்ஜிலிருந்து பால் பாக்கெட் எடுத்தால் விரல் நுனியில் ஊசி குத்தும். சில்லென்று ஒரு மடக்கு குடித்தால் தொண்டை இறுகி மூச்சே நின்றுவிடும்போல் பயம் வரும், உண்மையில் நிற்காவிட்டாலும். கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சிறுவாணித் தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்பதைவிடப் பெரிய தண்டனை இருக்கிறதா? மார்கழி விடியலில் வாயையும் மூக்கையும் சால்வையால் சுற்றிக்கொண்டு மாடியில் நடப்பேன். பக்கத்து வீட்டுப் பையன் பயந்தான்.

இந்தக் குளிர்ச்சித் தொல்லை போய்விடும். போகாமல் தங்குவது பாத மரமரப்பு. மருந்தை நிறுத்திய பிறகும் அது சில மாதங்களுக்கு ஏறிக்கொண்டே போகும் என்பதுதான் விநோதம். நரம்பணுக்களில் தங்கிய பிளாட்டினம் வேலையை நிறுத்துவதில்லை. மூச்சு வந்துவிட்டது, தழும்பு ஆறிவிட்டது, ரத்தம் 11ஐத் தாண்டிவிட்டது, எல்லோரும் "சூப்பர் டீச்சர், இனி ஓட வேண்டியதுதான்" என்கிறார்கள். அப்போதுதான் பாதம் மோசமாகிக்கொண்டிருந்தது. ஷூவுக்குள் கல் கிடந்தால் தெரியாது. கொப்புளம் வந்தால் காலுறையில் ஈரம் பார்த்துத்தான் தெரியும்.

நாம் விழாமல் நிற்பது மூன்று பேர் சொல்லும் சேதியை வைத்து: கண், உட்காது, பாதம் உள்ளிட்ட இடங்களின் மூட்டும் தசையும். பாதம் மௌனமாகிவிட்டால் கண்ணை நம்பித்தான் ஓட வேண்டும். காலை ஐந்து மணி இருட்டில் ஓடுவது பல வருடப் பழக்கம். அதை விட்டு, வெளிச்சம் வந்தபிறகு போனேன். கல் பெயர்ந்த இடங்கள் வேண்டாம், சமதளம் மட்டும். ஓடி வந்ததும் சர்க்கரை நோயாளிகள் செய்வதுபோல் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்ப்பேன். பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தந்தது ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சி. சமையலறை மேடையை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு, தோசை ஒரு பக்கம் வேகும் வரை இடது கால், திருப்பிப் போட்டால் வலது கால். எங்கள் வீட்டில் ஆறு மாதம் தோசை கொஞ்சம் தீய்ந்துதான் இருந்தது.

குடலையும் சொல்லிவிட வேண்டும், வெட்கப்படாமல். சிறுகுடலின் கடைசித் துண்டுதான் பித்த உப்புகளைத் திரும்ப உறிஞ்சும் இடம். அதில் ஒரு பகுதி போய்விட்டால் பித்தம் பெருங்குடலுக்குள் வழிந்து அவசரமாக வயிற்றைக் கலக்கும். ஓட்டத்தின் குலுக்கல் அதை இன்னும் கூட்டும். இதற்கு மருந்துத் தூள் இருக்கிறது, கேட்டால்தான் தருவார்கள், பெண்கள் கேட்பதில்லை. ஓட்டத்துக்கு முந்தின இரவு கீரையும் கொண்டைக்கடலையும் எனக்குக் கிடையாது. எந்த பெட்ரோல் பங்கில் கழிப்பறை பூட்டியிருக்காது என்பதை வைத்துத்தான் என் பாதைகள் அமைந்தன.

ஓட்டத்தைத் தொடங்கியது ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று. அமெரிக்க ஒலிம்பிக் ஓட்டக்காரர் ஜெஃப் கேலவே 1970களிலிருந்து புதியவர்களுக்குச் சொல்லிவந்த முறை இது. கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பை நான் பார்க்கவில்லை. ரத்தம் குறைவாக இருக்கும்போது சும்மா நடந்தாலே துடிப்பு எகிறும். அதற்குப் பதில் ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓடுவேன். நியான் வருவதற்குள் திணறினால் நடை. கூட ஓடிய இன்ஜினியரிங் பையன் என் தயவில் பத்துத் தனிமங்களை மறுபடி மனப்பாடம் செய்தான்.

மெதுவாக ஓடுவதுதான் கஷ்டம். நியூயார்க் மாரத்தானை 1970இல் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஃபிரெட் லெபோ. 1990இல் அவருக்கு மூளையில் புற்றுநோய். சிகிச்சைக்குப் பிறகு 1992இல், தான் நடத்திய பந்தயத்தில் தானே ஓடினார். கூட ஓடியவர் நார்வேயின் கிரேட்டே வைட்ஸ். அதே பந்தயத்தில் ஒன்பது முறை வென்றவர், மாரத்தானை 2 மணி 24 நிமிடத்தில் முடித்தவர். அன்று இருவரும் முடிக்க ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. லெபோ 1994இல் இறந்தார். வைட்ஸும் பின்னாளில் புற்றுநோய் வந்து 2011இல், 57 வயதில் இறந்தார். அவ்வளவு ஓடியவர் அவர்.

இதனால்தான் வெற்றி வீராங்கனைப் பேச்சு எனக்கு ஒவ்வாது. பள்ளியில் 'புற்றுநோயை வென்ற எங்கள் ஆசிரியை' என்று ஃபிளெக்ஸ் வைக்க ஒரு யோசனை எழுந்தது. கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தேன். கீமோ வார்டில் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த அன்னூர் அம்மாவுக்கு நோய் கல்லீரலுக்குப் போய்விட்டது. என்னுடையது வெற்றி என்றால் அவருடையதை என்னவென்று சொல்வீர்கள்?

ஆனால் ஓட்டம் வீண் என்றும் இல்லை. 2025 ஜூனில் வெளியான ஓர் ஆய்வு எங்களைப் போன்றவர்களைப் பற்றியது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேர், பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும். பாதிப் பேருக்கு உடற்பயிற்சி பற்றிய கையேடு மட்டும். மற்றவர்களுக்கு மூன்று வருடம் பயிற்சியாளரின் தொடர்ந்த கவனிப்பு. ஐந்து வருடத்தில் புற்றுநோய் இல்லாமல் உயிரோடு இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 80.3 சதவீதம், கையேட்டுக் குழுவில் 73.9. எட்டு வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் 90.3 சதவீதம், மற்றதில் 83.2. தசை, மூட்டு வலிகள் பயிற்சிக் குழுவில் கொஞ்சம் அதிகம், அது எதிர்பார்த்ததுதான். நான் அடிக்கோடிட்டுப் படித்தது பயிற்சியின் அளவை. வழக்கமாகச் செய்வதோடு கூடுதலாக, வாரம் மூன்று நான்கு முறை முக்கால் மணி நேர வேக நடை அளவுக்கு. மாரத்தான் யாரும் கேட்கவில்லை.

அதைக் காட்டியபோது என் மருத்துவர் மருந்துச் சீட்டிலேயே எழுதினார்: வேக நடை, 45 நிமிடம், வாரம் 4 நாள். மாமியார் சீட்டை வாங்கிப் பார்த்து, "இது எந்த மெடிக்கல்ல கிடைக்கும்?" என்றார். விளக்கினேன். மறுநாள் முதல் அவரும் ரேஸ்கோர்ஸுக்கு வருகிறார், ஒரு பெஞ்ச் வரைக்கும்.

2013இல் தொடங்கிய கோயம்புத்தூர் மாரத்தான், கோவை கேன்சர் பவுண்டேஷனுக்காக நடப்பது. அதன் பனியன்கள் என் பீரோவில் அடுக்கி இருக்கின்றன. யாருக்காக ஓடுகிறோம் என்று அவற்றில் ஒன்றைக்கூடத் திருப்பிப் படித்ததில்லை. கடந்த டிசம்பரில் 10 கிலோமீட்டர் பிரிவில், ஓட்டமும் நடையுமாக, கிலோமீட்டருக்கு ஒன்பது நிமிடத்தில் முடித்தேன். பாத மரமரப்பு குதிகாலிலிருந்து விலகி இப்போது விரல்களில் மட்டும் நிற்கிறது. இந்த டிசம்பருக்கு அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். நவம்பரில் சி.டி. ஸ்கேன், அதோடு மூன்று மாத ரத்தப் பரிசோதனை. ரிப்போர்ட் வந்தபிறகு பணம் கட்டலாமே என்றார் கணவர். அதற்குள் முன்பதிவுச் சலுகை முடிந்துவிடும் என்றேன்.